முறுக்குப் பொட்டலத்திலும் பெயர் இருக்கட்டும்

தீபாவளிக்கு ஒரு மாதம் இருக்கும்போதே பாக்கார் ஆராங்கில் எங்கள் தாமானில் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறிவிடும். முறுக்கு, அதிரசம், நெய் உருண்டை என்று புலனத்தில் ஆர்டர்கள் வரும். என் பல்கலைக்கழகச் செலவில் ஒரு பகுதி அம்மா சுட்ட முறுக்கிலிருந்து வந்ததுதான். அதனால் இந்தத் தொழிலைக் குறைசொல்ல நான் எழுதவில்லை.

சென்ற ஆண்டு ஓர் அக்காள், "பிள்ளைக்கு நிலக்கடலை ஒத்துக்கொள்ளாது. இதில் இருக்கிறதா?" என்று கேட்டார். "இல்லம்மா" என்றார் அம்மா. முறுக்கு மாவில் கடலை இல்லைதான். ஆனால், அதே எண்ணெயில் முதல்நாள் கடலைப் பக்கோடா பொரித்திருந்தோம். எனக்கு நினைவு வந்ததும் அவரை அழைத்துச் சொன்னேன். நல்லவேளை, பொட்டலத்தை அவர் இன்னும் பிரிக்கவில்லை.

'வீட்டுச் சமையலுக்கு எதற்குச் சட்டம்?' என்று கேட்பவர்களுக்கு இதுவே என் பதில். 2009ஆம் ஆண்டு உணவுச் சுகாதார விதிமுறைகளின்படி, உணவைக் கையாள்பவர் பயிற்சி பெற வேண்டும். டைபாய்டு தடுப்பூசியும் போட வேண்டும். பயிற்சி ஒரே நாளில் முடிந்துவிடும். ஊசி மூன்றாண்டுக்கு ஒரு முறை. இவை பாரமல்ல.

பாரம் வேறு இடத்தில் இருக்கிறது. வணிகப் பதிவுக்கு ஓர் அலுவலகம், உணவகப் பதிவுக்குச் சுகாதார அமைச்சு, உரிமத்திற்கு நகராண்மைக் கழகம். தோட்டத்துத் தமிழ்ப்பள்ளியில் ஆறாம் ஆண்டோடு படிப்பை நிறுத்திய ஒருவர் இணையத்தில் மலாய்ப் பாரங்களை எப்படித் தனியாக நிரப்புவார்? பயந்து ஒதுங்கி, பதிவின்றியே விற்கிறார்.

அமெரிக்காவின் கலிபோர்னியாவில் 2013 முதல் வீட்டு உணவுக்கெனத் தனிச் சட்டம் உண்டு. எளிதில் கெடாத உணவுகளை எளிய பதிவோடு விற்கலாம். ஆனால் வீட்டில் செய்தது என்பதையும், என்னென்ன சேர்ந்தன என்பதையும் பொட்டலத்தில் எழுதியே ஆக வேண்டும். நமக்கும் இந்தப் பிரிவு பொருந்தும். காய்ந்த முறுக்கையும் தேங்காய்ப்பால் குழம்பையும் ஒரே தராசில் நிறுப்பது சரியல்ல.

தீபாவளிக்கு முன் கோயில் மண்டபங்களில் தமிழிலேயே பயிற்சி நடத்தலாம். பாரம் நிரப்பித் தர என்னைப் போன்ற மாணவர்கள் உட்காரலாம். அம்மா இவ்வாண்டு பயிற்சிக்குப் பெயர் கொடுத்துவிட்டார். பொட்டலத்தில் ஒட்டும் தாளை நானே தயாரித்தேன்: பெயர், தொலைபேசி எண், சேர்த்த பொருள்கள். கடைசி வரியில், 'நிலக்கடலை பொரித்த எண்ணெய் இதில் பயன்படுத்தப்படவில்லை.' அந்த வரி உண்மையாக இருக்க, வீட்டில் இப்போது இரண்டு எண்ணெய்ச் சட்டிகள்.