வீட்டின் இரண்டாம் பூட்டு

கோவில்பட்டியிலும் அதனைச் சூழ்ந்த கரிசல் சிற்றூர்களிலும் தொலைக்காட்சிக்கு அருகே இன்று ஒரு சிறு பெட்டி இடம்பிடித்திருக்கிறது. இரண்டு மூன்று கொம்புகளும் விட்டுவிட்டு மின்னும் விளக்குகளும் கொண்ட அப்பெட்டியைக் கணினித்தமிழ் ‘திசைவி’ என்கிறது. இணைப்புத் தர வருபவர் ‘மோடம்’ என்கிறார். வீட்டிலுள்ளோருக்கு அது ‘வைஃபை பெட்டி’. பெருந்தொற்றுக் காலத்தில் வகுப்பறை திறன்பேசிக்குள் குடியேறியபோது, பல வீடுகளுக்கு இப்பெட்டி பாடநூலைப் போன்றே இன்றியமையாப் பொருளாயிற்று. அதன் முதுகில் ஒரு சீட்டு ஒட்டப்பட்டிருக்கும். அச்சீட்டில் அச்சாகியுள்ள கடவுச்சொல்லை மாற்றிவிட வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து. இத்துணைச் சிறிய செயலுக்கு ஒரு கட்டுரை வேண்டுமா எனத் தோன்றலாம். மாற்றப்படாத கடவுச்சொற்களால் விளைந்தவற்றை அறிந்தோர் அவ்வாறு கருதமாட்டார்.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ஒரு திசைவிக்குக் கடவுச்சொற்கள் இரண்டு. விருந்தினர் வந்தவுடன் கேட்பது முதலாவது. அது அருகலை எனப்படும் வைஃபையில் இணைவதற்கானது. இரண்டாவதை எவரும் கேட்பதில்லை. அப்படி ஒன்று இருப்பதையே பலர் அறியார். உலாவியில் 192.168.1.1 என்பது போன்ற ஓர் எண்முகவரியை இட்டால் திசைவியின் நிருவாகப் பக்கம் திறக்கும். அங்கே பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கேட்கப்படும். பல கருவிகளில் இரண்டுக்கும் தொழிற்சாலை தந்த விடை ஒன்றே: ‘அட்மின்’. அருகலையின் கடவுச்சொல்லை அடிக்கடி மாற்றும் வீடுகளிலும் இவ்விரண்டாம் பூட்டு, வாங்கிய நாளில் இருந்தவாறே இருக்கிறது.

இரண்டாம் பூட்டைத் திறந்தவர் என்ன செய்ய இயலும்? முதற்கடவுச்சொல்லைத் தம் விருப்பம்போல் மாற்றி, வீட்டுக்காரரையே வெளியில் நிறுத்தலாம். அதனினும் கேடானது ஒன்று உண்டு. நாம் ஒரு வங்கியின் பெயரை உலாவியில் தட்டச்சிடும்போது, அப்பெயருக்குரிய எண்முகவரி எது என்பதைத் திசைவி ஒரு வழங்கியிடம் கேட்டறிகிறது. எந்த வழங்கியிடம் கேட்பது என்பது நிருவாகப் பக்கத்தில் குறிக்கப்பட்டிருக்கும். அக்குறிப்பை ஒருவர் மாற்றிவிட்டால், சரியான பெயரைத் தட்டச்சிட்டும் நாம் தவறான இடத்தைச் சென்றடைவோம். உலாவி பெரும்பாலும் எச்சரிக்கும். ஆயினும் எச்சரிக்கையைப் படித்து நிற்பவரைவிட அதனைக் கடந்து செல்பவரே மிகுதி.

இவை வெறும் ஊகங்கள் அல்ல. 2017ஆம் ஆண்டு சூலைத் திங்களில் பாரத் சஞ்சார் நிகாம் நிறுவனத்தின் அகலக்கற்றை இணைப்புகளில் ஒரு பகுதி தீநிரல் ஒன்றின் தாக்குதலுக்கு உள்ளாயிற்று. தொழிற்சாலை தந்த கடவுச்சொல் மாற்றப்படாதிருந்த மோடங்களே அதற்கு இரையாயின. கடவுச்சொல்லை உடனே மாற்றுமாறு அந்நிறுவனம் பயனாளர்களைக் கேட்டுக்கொண்டது. தாக்கியவர் எந்த வீட்டுக்கும் நேரில் வரவில்லை. எவருடைய பெயரையும் அறிந்திருக்கவும் தேவையில்லை. “எங்கள் வீட்டில் என்ன இருக்கிறது, எவர் வந்து திருடப்போகிறார்?” என்னும் வினாவுக்கு இந்நிகழ்வே விடை. திருடர் வீட்டைத் தேர்ந்தெடுப்பதில்லை. நிரலொன்று உலகின் எல்லாக் கதவுகளையும் வரிசையாகத் தட்டிப் பார்க்கிறது.

அவ்வாறு தட்டிய நிரல்களுள் பெயர்பெற்றது ‘மிராய்’. 2016ஆம் ஆண்டு பரவிய இந்நிரலிடம் நுட்பமான ஆயுதம் எதுவும் இல்லை. தொழிற்சாலைகள் வழக்கமாகத் தரும் பயனர்பெயர், கடவுச்சொல் இணைகள் ஏறத்தாழ அறுபது கொண்ட ஒரு பட்டியல் மட்டுமே இருந்தது. அதனைக்கொண்டே திசைவிகளையும் கண்காணிப்புக் கேமராக்களையும் இலட்சக்கணக்கில் அது தன்வயப்படுத்தியது. எழுதியவர்கள் இருபது வயதை ஒட்டிய அமெரிக்க இளைஞர்கள். 2017 இறுதியில் நீதிமன்றத்தில் குற்றத்தை ஒப்புக்கொண்டனர். அதற்குள் நிரல் பொதுவெளியில் வெளியாகிப் பிறர் கைகளுக்கும் சென்றிருந்தது. 2016 அக்டோபர் 21 அன்று, கைப்பற்றப்பட்ட கருவிகள் ‘டைன்’ என்னும் நிறுவனத்தின்மீது ஒரே நேரத்தில் வேண்டுகோள்களைக் குவித்தன. ட்விட்டர், நெட்ஃபிளிக்ஸ் முதலான தளங்கள் அமெரிக்காவில் பலருக்குப் பல மணிநேரம் எட்டாமற்போயின. தத்தம் வீட்டுக் கேமரா அப்போரில் படைவீரனாக நின்றதை அதன் உரிமையாளர்கள் அறிந்திருக்கமாட்டார்கள்.

முதற்பூட்டைத் திறந்து வைப்பதிலும் இடர் உண்டு. 2008 சூலை 26 அன்று அகமதாபாத்தில் தொடர் குண்டுவெடிப்புகள் நிகழ்வதற்குச் சில நிமிடங்களுக்கு முன்னர், செய்தி நிறுவனங்களுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. அது நவி மும்பையில் ஒரு குடியிருப்பின் இணைய இணைப்பிலிருந்து சென்றது எனக் காவல்துறை கண்டறிந்தது. அங்கு வசித்தவர் விசாரணைக்கு உள்ளானார். காப்பற்ற அவருடைய அருகலையைப் பிறர் பயன்படுத்தியிருந்தனர் என்பது பின்னரே தெளிவாயிற்று. இணையத்தில் நிகழும் ஒரு செயலின் தடம், செய்தவரின் முகத்தை அன்று, இணைப்பின் முகவரியையே காட்டும். அம்முகவரி எவர் பெயரில் இருக்கிறதோ அவர் வாசலில்தான் காவலர் முதலில் வந்து நிற்பார். கரிசல் ஊரில் இணைப்பு பெரும்பாலும் தந்தையின் பெயரில் அல்லது தாயின் பெயரில் இருக்கும் என்பதை நினைவில் கொள்ளலாம்.

மாற்றுவது என்று முடிவு செய்தபின், எதனை வைப்பது? வீட்டுத் தலைவரின் கைப்பேசி எண்ணை வைப்பதே பலரின் வழக்கம். பத்து இலக்கங்கள் இருப்பதால் அது வலிமையானதாகத் தோன்றும். கணக்கிட்டுப் பார்ப்போம். இந்தியக் கைப்பேசி எண்கள் 6, 7, 8, 9 ஆகியவற்றுள் ஒன்றில் தொடங்குகின்றன. எனவே இயலக்கூடிய எண்கள் 400 கோடி. இன்று பரவலாக உள்ள டபிள்யூபிஏ2 முறையில், ஒரு கருவி அருகலையில் இணையும் நொடியில் காற்றில் செல்லும் செய்திகளைத் தெருவிலிருந்தே ஒருவர் பதிவு செய்துகொள்ள முடியும். பின்னர்த் தம் இருப்பிடத்திலிருந்தே, தடுப்பார் எவருமின்றி, ஊகங்களைச் சோதிக்கலாம். விளையாட்டுக் கணினிகளில் உள்ள உயர்திற வரைகலை அட்டை ஒன்று வினாடிக்குப் பத்து இலட்சம் ஊகங்களைச் சோதிக்க வல்லது. 400 கோடியையும் முடிக்க ஒரு மணிநேரத்திற்குச் சற்றே கூடுதல் போதும். பிறந்தநாளின் நிலை இன்னும் இரங்கத்தக்கது. நூறு ஆண்டுகளின் நாள்கள் அனைத்தையும் எண்ணினாலும் 36,525தான். ஒரு வினாடிகூட வேண்டா.

எளிய மாற்று, தொடர்பற்ற சொற்களை அடுக்குவது. இரண்டாயிரம் சொற்கள் கொண்ட ஒரு பட்டியலிலிருந்து குருட்டாம்போக்கில் நான்கு சொற்களை எடுத்தால் பதினாறு இலட்சம் கோடி அடுக்குகள் உண்டாகும். பட்டியல் இன்னது என்பதை ஊகிப்பவர் அறிந்திருந்தாலும் முன்சொன்ன வேகத்தில் ஏறத்தாழ 185 நாள்கள் ஆகும். ஐந்தாவது சொல் ஒன்றைச் சேர்த்தால் ஆயிரம் ஆண்டுகள். கரிசல்காரர்களுக்கு இதில் ஒரு கொடையும் இருக்கிறது. இடைசெவலில் பிறந்த கி. ராஜநாராயணன் கரிசல் வட்டார வழக்குச் சொற்களைத் திரட்டி அகராதியாகவே ஆக்கியிருக்கிறார். அத்தகைய அகராதியைக் கண்ணை மூடித் திறந்து, விரல் பட்ட சொல்லை எடுக்கலாம்: மம்பட்டி, உளுந்து, தாவாரம், புழுதி, கொக்கி. இங்கே அச்சாகிவிட்டமையால் இவ்வைந்தின் அடுக்கு இனி எவருக்கும் உதவாது. அருகலைக் கடவுச்சொல் எட்டு முதல் அறுபத்து மூன்று எழுத்துகள்வரை இருக்கலாம். தமிழ்ச்சொற்களை ஆங்கில எழுத்துகளில்தான் இட வேண்டும். ஒரே சொல்லை ஒவ்வொருவரும் ஒவ்வொரு விதமாக எழுதுவோம் என்பதும் நன்மையே. பழமொழியும் திரைப்பாடல் வரியும் கூடா. அவற்றை ஊகிப்போரும் அறிவர்.

கடவுச்சொல்லை மாற்றத் தயங்குவதற்கு அறியாமை மட்டும் காரணமன்று. பக்கத்து வீட்டுத் தம்பி நம் இணைப்பில்தான் படிக்கிறான். எதிர்வீட்டு அத்தை மகனோடு காணொளியில் பேசுவதும் அதன்வழியேதான். மாற்றினால் கதவடைத்ததாக எண்ணிவிடுவார்களோ என்னும் கூச்சம் உண்மையானது, மதிக்கத்தக்கதும்கூட. மழையை எதிர்பார்த்து வாழும் நிலத்தில், இருப்பதைப் பகிர்வது பெருமை அன்று, வாழும் முறை. ஆனால் அந்நிலமே இதற்கு வழியும் காட்டியிருக்கிறது. கண்மாய் நீர் ஊருக்கே பொது. பொது என்பதனாலேயே மடையைத் திறந்து மூடும் பொறுப்பு இன்னாருக்கு என வரையறுக்கப்பட்டிருந்தது. உருளைக்குடிக் கண்மாயை நடுவாக வைத்துச் சோ. தர்மன் எழுதி, 2019ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது பெற்ற ‘சூல்’ புதினத்தைப் படித்தோர் நீர்ப்பாய்ச்சியை மறந்திருக்கமாட்டார்கள். மடையைக் காத்தவரைக் கருமி என எவரும் கூறியதில்லை. பல திசைவிகளில் ‘விருந்தினர் இணைப்பு’ என்னும் ஏற்பாடு இருக்கிறது. அதற்கெனத் தனிப் பெயரும் தனிக் கடவுச்சொல்லும் வைத்து, அறிந்தவர்களுக்கு மட்டும் கொடுக்கலாம். அவர்கள் இணையத்தைப் பயன்படுத்துவர். வீட்டின் பிற கருவிகள் அவர்கள் பார்வைக்கு வாரா. அவ்விணைப்பில் நிகழும் செயலின் தடமும் நம் முகவரிக்கே வரும் என்பதால், கொடுப்பதில் அளவு வேண்டும்.

இவ்வளவும் சொன்ன பிறகு, பொறுப்பு முழுவதையும் வீட்டிலுள்ளோர் தலையில் சுமத்துவது அறமாகாது. பகலெல்லாம் தீப்பெட்டி ஆலையில் உழைத்துத் திரும்பும் ஒரு தாயிடம், திசைவியின் நிருவாகப் பக்கத்தைத் திறந்து பார்க்கவில்லையே எனக் குறைகூறுவது எளிது. அவருடைய கைத்தொழிலே இதற்கு மறுமொழி தருகிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் வழங்கிய வெள்ளைப் பாஸ்பரஸ் தீக்குச்சி எங்கு உரசினாலும் பற்றும். சட்டைப் பையிலேயே தீப்பிடிக்கும். அதன் நச்சு, செய்த தொழிலாளரின் தாடை எலும்பை அரித்தது. ‘கவனமாக வைத்துக்கொள்ளுங்கள்’ என்று வாங்குவோருக்கு அறிவுரை கூறி உலகம் அமைதி கொள்ளவில்லை. 1906ஆம் ஆண்டு பெர்ன் நகரில் கூடிய நாடுகள் வெள்ளைப் பாஸ்பரஸைத் தீக்குச்சியிலிருந்து விலக்க உடன்படிக்கை செய்தன; இந்தியாவில் 1913ஆம் ஆண்டு அதற்கெனத் தடைச்சட்டம் வந்தது. கோவில்பட்டியிலும் சிவகாசியிலும் செய்யப்படும் தீப்பெட்டியில், பொட்டாசியம் குளோரேட்டு குச்சியின் தலையிலும் சிவப்புப் பாஸ்பரஸ் பெட்டியின் பக்கவாட்டிலும் பிரித்து வைக்கப்பட்டிருக்கின்றன. இரண்டும் உரசினால்தான் தீ. பாதுகாப்பு, வாங்குபவரின் கவனத்தில் விடப்படாமல் பொருளின் அமைப்பிலேயே வைக்கப்பட்டது.

திசைவிக்கும் அதுவே பொருந்தும். கலிபோர்னியாவில் 2020 சனவரி 1 முதல் நடைமுறையில் உள்ள சட்டம், இணையத்தில் இணையும் கருவி ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கடவுச்சொல் இருக்க வேண்டும், அல்லது முதற்பயன்பாட்டிற்கு முன் புதியதை அமைக்குமாறு கருவியே வற்புறுத்த வேண்டும் என்கிறது. பிரித்தானியாவில் 2024 ஏப்ரல் 29 முதல், எல்லாக் கருவிக்கும் பொதுவான கடவுச்சொல்லோடு விற்பது சட்டப்படி குற்றம். ‘அட்மின்’ என்னும் ஒரே சாவியை ஆயிரமாயிரம் பூட்டுகளுக்குச் செய்து விற்பவரிடம், அது ஏன் என்று கேட்கும் உரிமை கழுகுமலையிலும் விளாத்திகுளத்திலும் திங்கள்தோறும் கட்டணம் செலுத்துபவருக்கும் உண்டு.

கேட்டுக்கொண்டே காத்திருக்கவும் வேண்டா. புதிதாக இணைப்புத் தர வருபவரிடம், அவர் புறப்படுவதற்கு முன்பே இரண்டு கடவுச்சொற்களையும் மாற்றித் தரச் சொல்லலாம். சில நிமிட வேலைதான். பழைய இணைப்புள்ள வீடுகளில் அப்பணி பெரும்பாலும் உங்களிடம்தான் வந்து சேரும். நிருவாகக் கடவுச்சொல்லை முதலில் மாற்றுங்கள். அருகலையினுடையதை அடுத்து மாற்றலாம். மாற்றியவுடன் வீட்டிலுள்ள கருவிகள் எல்லாம் இணைப்பை இழக்கும். ஒவ்வொன்றிலும் புதிய சொல்லை இட வேண்டும். தாத்தாவின் கைப்பேசியை மறந்துவிட்டால் மாலைக்குள் வீட்டில் வழக்கு மூளும். பெட்டியின் பின்புறச் சிறு துளைக்குள் இருக்கும் பொத்தானை ஊசியால் அழுத்திப் பார்க்கும் ஆவலை மட்டும் அடக்குக. அது கருவியைத் தொழிற்சாலை நிலைக்கே திருப்பிவிடும். ஒளியிழை இணைப்பாயின் நிறுவனத்தின் அமைப்புகளும் அழிந்து, ஆள் வரும்வரை இணையம் இராது. புதிய சொற்களை எங்கும் எழுதக் கூடாது என்பர் சிலர். அதில் எனக்கு உடன்பாடில்லை. பல கல் தொலைவிலிருந்து தாக்கும் நிரலால், குடும்ப அட்டையும் நிலப் பட்டாவும் இருக்கும் இரும்புப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாளைப் படிக்க முடியாது.