சீமெந்தும் சுட்ட களியும்

சீமெந்திலே மண் கலந்தான் என்பதனினும் பெரிய வசை மாம்புரி மேசன்மாருக்கு வேறில்லை. பச்சைக் களிமண்ணாயின் அவ்வசை தகும். அது நீரை மிகுதியாகக் குடித்து, உலருங்கால் சுருங்கிச் சாந்தைப் பிளக்கும். ஆயின் சுட்ட களியையும் அதனோடு சேர்த்துப் பழித்தல் தவறென்பது எம் கருத்து. பச்சைக் குடமும் சுட்ட குடமும் ஒன்றாமோ? தமிழாசிரியருக்குச் சீமெந்தில் என்ன வேலை என நகைப்பார் நகைக்க. ‘மண்’ என்னும் ஒரு சொல்லே இம்மயக்கத்தை விளைத்தது.

வெண்களியை 700 முதல் 850 பாகை செல்சியசு வரை சுட்டால் அதன் உட்கட்டுக் குலையும். பின்னர், நீருற்ற சீமெந்தில் பிறக்கும் சுண்ணத்தோடு கூடிப் புதிய பிணைபொருளாகும். கொங்கிறீற்றின் நுண்துளைகள் குறுக, உப்புப் புகுதலும் குறையும். கடற்காற்றால் கம்பி துருவேறி, மேற்தட்டு உதிரும் வீடுகளில் துயில்வோர்க்கு இது சிறு செய்தியன்று.

புதுமையுமன்று. 1895இல் முடிவுற்ற முல்லைப்பெரியாற்றணை, சுண்ணாம்பும் செங்கற்றூளாகிய சுர்க்கியும் சேர்ந்த சாந்தால் எழுந்தது. இன்று சுவிற்சர்லாந்து, கியூபா, இந்தியா ஆகிய நாட்டறிஞர் வகுத்த சீமெந்தில் சுட்ட களி 30 வீதம், சுண்ணக்கல் 15 வீதம். 1450 பாகையில் சுடவேண்டிய கிளிங்கர் பாதியே.

சுண்ணக்கல் நம் அருவக்காட்டில் உண்டு. வெண்களி மீட்டியாகொடையில் உண்டு. நம் இரசாயன மாணவர் இதனை ஆராய்தல் வேண்டும். எனினும் இக்கலவை குழைக்கக் கடினம். இளக்கத்திற்கென நீரை அளவின்றி ஊற்றுவோர் கையில் இதுவுங் கெடும். பலநாள் நன்னீரால் நனைத்தலும் வேண்டும். கிணறு உவர்த்த வளவினர், அந்நீருக்கு அத்திவாரம் வெட்டுமுன்னரே வழி தேடிக்கொள்க.