எங்கே நிற்பது என்று முதலில் முடிவு செய்யுங்கள்

கொஞ்சம் நீளமான பதிவு. நேரம் இருப்பவர்கள் இப்போது படியுங்கள், மற்றவர்கள் ஞாயிற்றுக்கிழமை படியுங்கள். வழக்கமாகப் பள்ளிக்கூடம், பென்ஷன், ஊர்ச்செய்தி என்று எழுதுகிறவன் நான். இன்று விண்வெளிக் கப்பல் பற்றி எழுதப் போகிறேன். "வாத்தியாருக்கு என்ன ஆச்சு" என்று கேட்பவர்கள் கடைசி வரை படித்துவிட்டுக் கேளுங்கள்.

ஈவ் ஆன்லைன் என்று ஒரு கணினி விளையாட்டு இருக்கிறது. ஐஸ்லாந்து நாட்டின் சிசிபி நிறுவனம் 2003 மே மாதம் வெளியிட்டது. சீனாவுக்குத் தனி. அதைத் தவிர உலகத்தில் யார் விளையாடினாலும் எல்லோருக்கும் ஒரே அண்டவெளிதான். நியூயார்க் நவீனக் கலை அருங்காட்சியகம் 2012இல் தன் சேகரிப்புக்கு முதன்முதலாகத் தேர்ந்தெடுத்த 14 விளையாட்டுகளில் இதுவும் ஒன்று. 2016 நவம்பரிலிருந்து பணம் கட்டாமலும் ஓரளவு விளையாடலாம்.

என் பேரன் கல்லூரி விடுதிக்குக் கிளம்பும் முன் இதை என் கணினியில் ஏற்றிக் கொடுத்தான். "போன்ல பேசினா சாப்டியா, படிச்சியான்னு ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சிடும் தாத்தா. இதுக்குள்ள வாங்க, ரெண்டு மணி நேரம் பேசலாம்" என்றான். அப்படித்தான் ஒவ்வொரு ஞாயிறும் மாலை ஆறு மணிக்கு நானும் அவனும் ஆளுக்கொரு சிறு கப்பலில் கிளம்ப ஆரம்பித்தோம்.

மூன்று வாரமாக அவன் வரவில்லை. மாதக்கணக்கில் சேர்த்த பணத்தில் கார்மர் என்ற விலை உயர்ந்த கப்பலை வாங்கினான். அது அரை நிமிடச் சண்டையில் உடைந்தது. இந்த விளையாட்டில் உடைந்த கப்பல் உடைந்ததுதான், மறுபடி ஆரம்பிக்கிற பொத்தான் கிடையாது. காப்பீட்டில் கொஞ்சம் பணம் வரும், மீதி நஷ்டம். போனில் கேட்டால், "எனக்கு இது வராது தாத்தா, விடுங்க" என்கிறான். என் மகளுக்கு இதில் மகிழ்ச்சி. எனக்கு இல்லை. அவனுக்கு வராமல் இல்லை, அவன் ஒரு விஷயத்தைத் தவறாகப் புரிந்துகொண்டிருக்கிறான். அதைத்தான் இங்கே எழுதுகிறேன். அவனும் இதைப் படிப்பான்.

முதலில் என் கதை. என் முதல் சண்டைக் கப்பல் இன்கர்ஸஸ். மூன்று துப்பாக்கி மாட்டலாம். கிட்டத்துக்கு ஒன்று, தூரத்துக்கு இரண்டு இருக்கட்டுமே என்று ஒரு பிளாஸ்டர், இரண்டு ரெயில்கன் மாட்டினேன். எதிரி ஓடாமல் இருக்க, தூரத்திலிருந்து பிடிக்கும் டிஸ்ரப்டர். அவன் வேகத்தைக் குறைக்க, கிட்டத்தில் மட்டும் வேலை செய்யும் வெப். விரைந்து போக, வேகம் கம்மியான ஆஃப்டர்பர்னர். எல்லாவற்றிலும் கொஞ்சம் கொஞ்சம்.

காண்டர் என்ற ஒரு சின்னக் கப்பல் வந்தது. 20 கிலோமீட்டர் தள்ளி நின்று ஏவுகணை விட்டது. என் பிளாஸ்டர் எட்டவே இல்லை. ரெயில்கன் அரைகுறையாகப் பட்டது. வெப் 10 கிலோமீட்டர்தான், அதுவும் எட்டவில்லை. துரத்தினால் அவன் என்னைவிடப் பல மடங்கு வேகம். செத்துப்போனேன். என் கப்பலில் மாட்டியிருந்த பட்டியலைப் பேரன் பார்த்துவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டான்: "தாத்தா, இது எங்க நிக்கிற கப்பல்?"

முப்பத்தைந்து வருடம் இடைநிலை ஆசிரியராக இருந்தவன் நான். எத்தனையோ கேள்வி கேட்டிருக்கிறேன். இவ்வளவு சரியான கேள்வியை நான் கேட்டதில்லை. அதற்கு என்னிடம் பதில் இல்லை. கிட்டேயும் நிற்காத, எட்டேயும் நிற்காத கப்பல் அது.

இனி கணக்கு. பயப்பட வேண்டாம், ஐந்தாம் வகுப்புக் கணக்குதான்.

ஒவ்வொரு துப்பாக்கிக்கும் இரண்டு எண் உண்டு. ஒன்று ஆப்டிமல், இன்னொன்று ஃபால்ஆஃப். வகுப்பறையில் வாத்தியார் குரலை நினைத்துக்கொள்ளுங்கள். முதல் மூன்று வரிசைக்குத் தெளிவாகக் கேட்கும், அது ஆப்டிமல். அதற்குப் பின்னால் மங்கிக்கொண்டே போகும் தூரம் ஃபால்ஆஃப். ஆப்டிமலைத் தாண்டி ஒரு ஃபால்ஆஃப் தூரம் போனால் நூறு குண்டில் ஐம்பதுதான் படும். இரண்டு ஃபால்ஆஃப் போனால் ஐம்பதில் பாதி இருபத்தைந்து என்று நினைப்பீர்கள். இல்லை, நூற்றுக்கு ஆறு சொச்சம்தான். அதாவது கடைசி பெஞ்சுக்குப் பின்னால் இருப்பவனுக்கு வாத்தியார் வாயசைப்பது மட்டும் தெரியும். ஏவுகணை தபால் மாதிரி. எல்லைக்குள் இருந்தால் முழுசாகப் போய்ச் சேரும், எல்லை தாண்டினால் சேரவே சேராது.

அப்படியானால் கிட்டே போனால் எல்லாம் படுமா? அதுவும் இல்லை. துப்பாக்கி திரும்ப வேண்டுமே. எதிரி நொடிக்கு 400 மீட்டர் வேகத்தில் உங்களைச் சுற்றுகிறான் என்று வையுங்கள். ஒரு கிலோமீட்டர் தூரத்தில் சுற்றினால் உங்கள் துப்பாக்கி நொடிக்கு 23 டிகிரி திரும்ப வேண்டும். அதே வேகத்தில் 20 கிலோமீட்டர் தள்ளிச் சுற்றினால் ஒரு டிகிரிக்குச் சற்று மேல் திரும்பினால் போதும். பிளாஸ்டர் வேகமாகத் திரும்பும், எட்டாது. ரெயில்கன் எட்டும், மெதுவாகத் திரும்பும். ஆகவே தூரத் துப்பாக்கிக்காரனுக்கு மிக ஆபத்தான இடம் எதிரியின் மடி. கிட்டத்துக்காரனுக்கு மிகப் பாதுகாப்பான இடமும் அதுவே.

அடுத்தது பிடிக்கிற கருவி. டிஸ்ரப்டரில் நல்ல ரகம் 24 கிலோமீட்டர் எட்டும். எதிரி தப்பி ஓடுவதை மட்டும் தடுக்கும். ஸ்க்ராம்ப்ளர் நல்ல ரகம் 9 கிலோமீட்டர்தான் எட்டும். ஆனால் அது எதிரியின் மைக்ரோவார்ப்டிரைவையும் அணைத்துவிடும். குதிரையில் வந்தவனைக் கீழே இறக்கி நடக்க வைப்பது போல.

இவற்றைக் கூட்டிப் பார்த்தால் சிறு கப்பல் சண்டையில் நிற்கக்கூடிய இடம் மூன்றுதான். ஒட்டி நிற்பது, ஸ்க்ராம்ப்ளர் எல்லையின் ஓரத்தில் 8 கிலோமீட்டர் வாக்கில் நிற்பது, டிஸ்ரப்டர் எல்லையில் 20 கிலோமீட்டருக்கு மேல் நிற்பது. மூன்றில் எதை எடுத்தாலும் துப்பாக்கி, குண்டு, எஞ்சின், பிடிக்கும் கருவி நான்கும் அந்த ஒரே தூரத்துக்குப் பொருந்த வேண்டும். நிலையத்தை விட்டுக் கிளம்பும் முன்பே பொருந்த வேண்டும். சண்டையின் நடுவில் மாற்ற முடிவது குண்டு மட்டும்தான்.

இதுவரை என் பேரனும் ஒத்துக்கொள்வான். இனிமேல்தான் எங்களுக்குள் தகராறு.

அவன் கட்சி தூரக் கட்சி. "எட்ட நின்னா அடி படாது. ஆபத்து வந்தா கிளம்பிடலாம். கிட்ட போறவன் முட்டாள்." அவன் மட்டும் இல்லை, புதிதாக வருபவர்களில் நிறையப் பேர் இப்படித்தான் நினைக்கிறார்கள். இதில் பாதி உண்மை. எட்ட நிற்பவன் சண்டையை விட்டுப் போகலாம். ஒட்டி நிற்பவன் ஜெயிக்க வேண்டும் அல்லது சாக வேண்டும். அதை நான் மறுக்கவில்லை.

ஆனால் மீதிப் பாதியை யாரும் சொல்வதில்லை. எட்ட நிற்பது ஒரு இடம் அல்ல, அது ஒரு வேலை. ஒவ்வொரு நொடியும் செய்தால்தான் அந்தத் தூரம் இருக்கும். பேரன் என்ன செய்தான்? 20 கிலோமீட்டரில் சுற்று என்று ஒரு பொத்தானை அழுத்திவிட்டு ஏவுகணையைப் பார்த்துக்கொண்டிருந்தான். எதிரி ஓட்டியது அட்ரான் என்ற மலிவான கப்பல். அவன் நேராக எதிர்த் திசையில் ஓடினான். பொத்தான் பேச்சைக் கேட்ட கார்மர், தூரத்தைக் காப்பாற்ற அவன் பின்னாலேயே ஓடியது. திடீரென்று அட்ரான் திரும்பி நேரே வந்தது.

எதிரெதிரே வரும் ரயில் கணக்கு எல்லோருக்கும் நினைவிருக்கும். இருவர் வேகத்தையும் கூட்ட வேண்டும். ஆளுக்கு நொடிக்கு 3 கிலோமீட்டர் என்றால் மொத்தம் 6. நடுவில் இருந்த 10 கிலோமீட்டர் இரண்டு நொடிக்குள் காலி. ஸ்க்ராம்ப்ளர் விழுந்தது, எஞ்சின் அணைந்தது, வெப் விழுந்தது. எட்ட நிற்பதற்கென்றே கட்டிய கப்பல் கிட்டத்தில் மாட்டினால் அதனிடம் எதுவுமே இல்லை. அதன் பாதுகாப்பு முழுவதும் அந்தத் தூரம்தான். தூரம் போனால் கப்பலும் போச்சு.

ஆகவே என் கருத்து இது. புதிதாக வருபவர்கள் கிட்டத்தில் ஆரம்பிக்க வேண்டும். மூன்று காரணம் சொல்கிறேன்.

ஒன்று, கிட்டச் சண்டையில் கவனிக்க வேண்டியது குறைவு. எதிரியைப் பிடித்தாயா, உன் கவசம் எவ்வளவு, அவன் கவசம் எவ்வளவு. நெடில் எழுத்துக்கு முன்னால் குறில் கற்றுக் கொடுப்பது போல.

இரண்டு, மலிவான கப்பலே போதும். அட்ரான், மெர்லின், இன்கர்ஸஸ் எதுவானாலும் சரி. பத்து உடைந்தாலும் ஒரு கார்மர் விலை ஆகாது. இழந்தால் தாங்க முடியாததை ஓட்டாதே என்பதுதான் அங்கே பழைய ஆட்கள் புதியவர்களுக்குச் சொல்லும் முதல் பாடம்.

மூன்றாவதுதான் முக்கியம். கிட்டே நின்றவனுக்குத்தான் எட்ட நிற்பவனின் பயம் தெரியும். எந்த நொடியில் அவன் கவனம் தவறும், எப்போது திரும்பினால் பிடிபடுவான் என்பதைத் துரத்தித் துரத்தித்தான் கற்க முடியும். அதைக் கற்றவன் பிறகு எட்ட நின்றால் பிடிபட மாட்டான்.

"கிட்டத்துக்காரன் எட்டத்துக்காரனிடம் மாட்டினால் என்ன செய்வது?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்வி, நானே மாட்டியவன். பதில், சண்டை நடக்கும் இடத்தையும் சேர்த்துத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்பது. போர்ப் பகுதிகளில் சிறு கப்பல்கள் மட்டும் நுழையக்கூடிய களங்கள் உண்டு. வாசல் வழியாக வருபவன் உள்ளே ஒரே புள்ளியில்தான் வந்து இறங்குவான். அந்தப் புள்ளியிலேயே முதலில் போய் நின்றுகொண்டால், வருபவன் என்ன கப்பல் வைத்திருந்தாலும் சண்டை உங்கள் தூரத்தில்தான் தொடங்கும். திறந்த வெளியில் காண்டரைக் கண்டால் கிளம்பி விடுங்கள். அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எல்லாச் சண்டைக்கும் போகத்தான் வேண்டும் என்று யார் சொன்னது?

இதைப் படித்து "வயதான காலத்தில் இது தேவையா சார்" என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒரு வார்த்தை. நானும் தூரக் கட்சியில்தான் இருந்தேன், பள்ளிக்கூடத்தில். கரும்பலகை ஓரமாகவே நின்று பாடம் நடத்தினேன். அந்த இடம் எனக்குச் சௌகரியம். கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்கு ஃபால்ஆஃப் எவ்வளவு இருந்தது என்று அப்போது நான் கணக்குப் போட்டதில்லை. ஓய்வுபெற்ற பிறகு, ஒரு விளையாட்டில் செத்துச் செத்துப் பிழைக்கும்போதுதான் அது உறைத்தது.

தம்பி, உனக்கு வராது என்று சொல்லாதே. நீ கேட்ட அந்தக் கேள்விதான் எனக்கு இந்த விளையாட்டைக் கற்றுக்கொடுத்தது. கார்மரில் நீ செய்த தவறு ஒன்றே ஒன்று. தூரத்தைத் தேர்ந்தெடுத்தாய், அதைக் காக்கும் வேலையைப் பொத்தானிடம் கொடுத்தாய். அவ்வளவுதான்.

பத்து அட்ரான் வாங்கி வைத்திருக்கிறேன். ஐந்து உனக்கு. எல்லாம் பிளாஸ்டர், ஸ்க்ராம்ப்ளர், வெப். ஒட்டி நிற்கிற கப்பல். பத்தும் உடையட்டும், பரவாயில்லை. ஞாயிறு ஆறு மணிக்கு நான் அங்கே இருப்பேன்டா.