மானியமும் மானமும்

பிழைப்பை நாடி வேற்றூர் சென்ற தமிழர், அவ்வூரில் கால் ஊன்றியதும் தமக்கென ஒரு சங்கம் காண்பது வழக்கம். பொங்கல் விழா எடுப்பதும் இலக்கியக் கூட்டம் நடத்துவதும் மட்டுமே அச்சங்கத்தின் வேலை அல்ல. கணவனை இழந்தவளுக்கு ஒரு தையல் இயந்திரம், ஏழைச் சிறுவனுக்குப் பாடநூல், மக்கள் இல்லாத முதியவர்க்கு மருந்து, ஆதரவின்றி இறந்தவர்க்கு அடக்கச் செலவு என்று நாளும் ஒரு தேவை வந்து வாயிலில் நிற்கும். உறுப்பினர் சந்தாவும் வணிகப் பெருமக்களின் நன்கொடையும் ஓரளவுக்கே எட்டும். அதற்குமேல் என்ன செய்வது? அரசாங்கத்தின் மானியத்தை நாடலாமா?

எர்ணாகுளத்திலும் மட்டாஞ்சேரியிலும் வாழும் நம்மவரிடையே இவ்வினா எழும்போதெல்லாம் இருவகை விடைகளை நாம் கேட்டு வருகிறோம். "அரசாங்கப் பணம் வந்தால் அதிகாரியும் பின்னால் வருவார், நம் ஏட்டைப் புரட்டுவார், நமக்கு எதற்கு அந்த மானக்கேடு?" என்பர் ஒரு சாரார். "நாம் கட்டும் வரிதானே மானியமாக வருகிறது? வாங்கிக் கொள்வோம், கணக்கைப் பிறகு பார்த்துக் கொள்ளலாம்" என்பர் மற்றொரு சாரார். முன்னவர் கூற்றில் அச்சம் இருக்கிறது. பின்னவர் கூற்றில் அசட்டை இருக்கிறது. இரண்டும் நமக்கு உடன்பாடு அல்ல. ஏன் என்பதை இத்திங்கள் ஆராய்வோம்.

தொண்டு நிறுவனத்துக்கு அரசாங்கம் பணம் கொடுப்பதும், கொடுத்த பணத்துக்குக் கணக்குக் கேட்பதும் தொண்டரை அறியாத அதிகாரிகள் மட்டும் கண்ட ஏற்பாடு என்று எண்ணுதல் பிழை. அதன் தொடக்கத்தில் நின்றவர்கள் தொண்டர்களே. சென்னையில் வாழ்ந்த தெலுங்குப் பெண்களுக்காக 1937-ஆம் ஆண்டில் ஆந்திர மகிளா சபையைத் தோற்றுவித்தவர் துர்க்காபாய் அம்மையார். வேற்றுமொழி நகரில் தம் மொழியினர்க்கென எழுந்த ஒரு சிறு சபை, கல்வியும் தொழிற்பயிற்சியும் மருத்துவமும் அளிக்கும் பெரும் நிறுவனமாக வளர்ந்தது. அதை வளர்த்த அம்மையாரே 1953-ஆம் ஆண்டு ஆகஸ்டில் மத்திய சமூக நல வாரியம் அமைந்தபோது அதன் முதல் தலைவரானார். முதல் ஐந்தாண்டுத் திட்டத்தில் தொண்டு நிறுவனங்களின் பணிக்கென ஒதுக்கப்பட்ட தொகை 4 கோடி ரூபாய். பணத்தைப் பகிர்ந்தளிப்பதோடு வாரியத்தின் கடமை முடியவில்லை. நிறுவனங்களின் தேவையை நேரில் அறிதலும், அவை ஆற்றும் பணியை மதிப்பிடுதலும் அதன் கடமைகளாக வகுக்கப்பட்டன.

அடுத்த ஆண்டு மாநிலங்களில் ஆலோசனை வாரியங்கள் அமைந்தன. சென்னை மாநில வாரியத்தின் முதல் தலைவராக அமர்ந்தவர் டாக்டர் முத்துலட்சுமி அம்மையார். 1930-ஆம் ஆண்டிலேயே ஔவை இல்லம் கண்டு, ஆதரவற்ற பெண்களுக்கும் சிறுமிகளுக்கும் அடைக்கலம் தந்தவர் அவர். நன்கொடைக்காகப் படி ஏறி இறங்குவது எத்துணைக் கடினம் என்பதை இவ்விரு பெருமாட்டிகளும் தம் வாழ்வில் கண்டவர்கள். அத்தகையோர் முன்னின்று நடத்திய ஏற்பாட்டில் கணக்குக் கேட்டல் ஓர் அங்கமாக இருந்தது. கணக்குக் கேட்பதை இழிவு என்று அவர்கள் கருதவில்லை.

நம் கண்ணெதிரே உள்ள ஒன்றையும் காண்போம். கோட்டைக் கொச்சியின் வெளிப் பகுதியில் உள்ள சலவைக் களத்தை அறியாதார் நம்மில் இலர். டச்சுக்காரர் காலத்தில் படைவீரரின் உடைகளை வெளுப்பதற்கென அழைத்து வரப்பட்ட தமிழ்க் குடும்பங்களின் வழிவந்தோர் உழைக்கும் இடம் அது. 1976-ஆம் ஆண்டில் கொச்சிப் பெருநகர் வளர்ச்சி ஆணையம் அங்கே துவைக்கும் அறைகளைக் கட்டித் தந்தது. களத்தின் அன்றாட நிருவாகமோ அவர்களுடைய வண்ணார் சங்கத்தின் கையில் இருக்கிறது. அரசாங்கத்தின் செலவும் மக்களின் சங்கமும் ஓரிடத்தில் கைகோத்தமையால் அங்கு யாருடைய மானம் குறைந்தது? ஒருவருடையதும் குறையவில்லை. உழைப்பாளர்க்கு ஓர் இடம் நிலைத்தது.

இனி, மானியம் பெறுவோர்மேல் சட்டம் சுமத்தும் கடமைகள் யாவை என்பதைத் தெளிவாக அறிந்துகொள்ளுதல் நலம். அறியாமையே பாதி அச்சத்துக்குக் காரணம்.

முதலாவது பதிவு. பழைய திருவிதாங்கூர், கொச்சிப் பகுதிகளில் தொண்டுச் சங்கங்கள் 1955-ஆம் ஆண்டின் திருவிதாங்கூர்-கொச்சி இலக்கிய, அறிவியல், அறநிலையச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தின்கீழ் பதிவு பெறுகின்றன. ஒரு சங்கத்தின் நடைமுறை பற்றி உறுப்பினருள் மூன்றில் ஒரு பங்கினர் முறையிட்டால் அரசாங்கம் விசாரணை நடத்தலாம். தானாகவே முன்வந்தும் நடத்தலாம். மானியம் வாங்காத சங்கமும் இதற்கு விலக்கு அல்ல. ஆகவே, "அரசாங்கப் பணத்தைத் தொடாவிடில் எவருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை" என்பது வெறும் மயக்கம்.

இரண்டாவது கணக்கு. மத்திய அரசாங்கத்தின் 2017-ஆம் ஆண்டுப் பொது நிதி விதிகளின்படி, மானியம் கேட்கும் நிறுவனம் தன் விதிமுறைகளையும் தணிக்கை செய்த கணக்கையும் வருவாய் வழிகளையும் காட்டுதல் வேண்டும். அதே பணிக்கு வேறொரு துறையிடம் மானியம் வாங்கவில்லை என்று உறுதி கூறுதல் வேண்டும். நிதியாண்டு முடிந்த 12 மாதங்களுக்குள், பணம் உரிய பணிக்கே செலவாயிற்று என்னும் பயன்பாட்டுச் சான்றிதழை அளித்தல் வேண்டும். மானியத்தால் வாங்கிய பொருளை அரசாங்கத்தின் இசைவின்றி விற்றல் ஆகாது. பெருந்தொகை பெறுவோர்க்கு இதற்கு மேலும் ஒரு படி உண்டு. ஓர் ஆண்டில் 25 லட்சம் ரூபாய்க்குக் குறையாத மானியம் பெற்று, அது மொத்தச் செலவில் 75 விழுக்காட்டுக்கும் குறையாதிருந்தால், 1971-ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்தியத் தலைமைக் கணக்குத் தணிக்கையாளரே அந்நிறுவனத்தின் கணக்கைத் தணிக்கை செய்யலாம்.

மூன்றாவது, பொதுமக்கள் கேள்வி. 2005-ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டம், அரசாங்க நிதியால் கணிசமாக நடைபெறும் தொண்டு நிறுவனங்களையும் தன் வரம்புக்குள் கொண்டுவந்தது. "கணிசம்" என்பதன் பொருள் என்ன? இக்கேள்விக்கு விடை காண உதவிய வழக்குகளுள் ஒன்று இக்கேரளத்திலிருந்தே சென்றது. தலப்பலம் கூட்டுறவு வங்கி வழக்கில் 2013-ஆம் ஆண்டு தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், பதிவாளரின் மேற்பார்வை இருப்பதால் மட்டும் ஒரு சங்கம் இச்சட்டத்தின்கீழ் வந்துவிடாது என்றும், சிறு சலுகையும் மானியமும் மட்டுமே "கணிசம்" ஆகா என்றும் கூறிற்று. 2019-ஆம் ஆண்டில் டி.ஏ.வி. கல்லூரி அறக்கட்டளை வழக்கில், அரசாங்க நிதியால் கணிசமாக நடைபெறும் தொண்டு நிறுவனம் பொதுமக்களுக்கு விடை கூறக் கடமைப்பட்டதே என்றும், அந்நிதி பாதிக்குமேல் இருந்தாக வேண்டும் என்பதில்லை என்றும் தெளிவுபடுத்திற்று. சிறு உதவி பெறும் சங்கம் அஞ்ச வேண்டியதில்லை. பேருதவி பெறும் நிறுவனம் மறைக்க வழியில்லை. இது நியாயமான வரம்பு என்றே நாம் கருதுகிறோம்.

ஆற்றில் போட்டாலும் அளந்து போட வேண்டும் என்பது நம் முன்னோர் வாக்கு. அளத்தல் வேண்டும், அதில் ஐயம் இல்லை. ஆயினும், அளந்துவிட்டால் மட்டும் போதுமா? இவ்விடத்தில்தான் அன்பர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டிய இரு நிகழ்ச்சிகளை நினைவூட்ட விரும்புகிறோம்.

ஒன்று, தமிழ்நாட்டில் இராமநாதபுரம் மாவட்டத்து ஏர்வாடியில் 2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் நிகழ்ந்தது. மனநோயாளர் காப்பகம் என்று பெயரிட்டு நடத்தப்பட்ட ஒரு கொட்டகையில் தீப்பற்றிற்று. சங்கிலியால் பிணிக்கப்பட்டிருந்தவர்கள் ஓட இயலாமல் மாண்டனர். உயிரிழந்தோர் 28 பேர். அத்தகைய இல்லங்கள் உரிமம் பெற வேண்டும் என்ற சட்டம் 1987-ஆம் ஆண்டிலேயே இயற்றப்பட்டிருந்தது. சட்டம் ஏட்டில் இருந்தது. கொட்டகைக்குள் நுழைந்து பார்ப்பார் இல்லை. மேற்பார்வை இன்மையின் விளைவு இது.

மற்றொன்று, பீகார் மாநிலத்து முசாபர்பூரில் 2018-ஆம் ஆண்டு வெளிப்பட்டது. இங்கு மேற்பார்வை இல்லாமல் இல்லை. அரசாங்க நிதியில் ஒரு தொண்டு நிறுவனம் நடத்திய சிறுமியர் காப்பகம் அது. பார்வையிடும் பொறுப்புடைய அலுவலரும் இருந்தனர், குழுவும் இருந்தது. ஆயினும் அச்சிறுமியர்க்கு இழைக்கப்பட்ட பாலியல் கொடுமை வெளிவரவில்லை. பீகார் அரசாங்கம் மும்பை டாடா சமூக அறிவியல் நிறுவனத்தாரை அழைத்து மாநிலத்துக் காப்பகங்களை ஆராயுமாறு பணித்தது. அவர்கள் ஏட்டைப் பார்த்ததோடு நில்லாமல் குழந்தைகளோடு அமர்ந்து பேசினர். உண்மை வெளிவந்தது. 2020-ஆம் ஆண்டு சனவரியில் டில்லி நீதிமன்றம் 19 பேரைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. அவர்களுள் குழந்தைகளைக் காக்க வேண்டிய மாவட்ட அலுவலர் ஒருவரும், குழந்தைகள் நலக் குழுவினர் சிலரும் இருந்தனர். வேலியே பயிரை மேய்ந்த கதை இது.

இவ்விரு நிகழ்ச்சிகளும் உணர்த்தும் பாடம் ஒன்றே. பணம் கொடுத்தவர்க்குக் கணக்குக் காட்டுவது தொண்டின் ஒரு பாதி. உதவி பெறுபவர்க்குக் கணக்குக் காட்டுவது மறு பாதி. இந்நாள்வரை நம் நாட்டில் முதற்பாதியைப் பற்றியே மிகுதியும் பேசி வந்திருக்கிறோம். சான்றிதழ் சரியாக இருக்கும், கூட்டுத்தொகை சரியாக இருக்கும், முத்திரையும் சரியாக இருக்கும்; உண்ணும் குழந்தையின் தட்டில் என்ன விழுந்தது என்பதை மட்டும் எவரும் கேட்டிரார். ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது.

2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் இக்குறையை ஓரளவு நீக்க முயன்றது. மானியம் பெற்றாலும் பெறாவிட்டாலும் குழந்தைகள் இல்லம் ஒவ்வொன்றும் பதிவு பெற வேண்டும் என்று அது விதித்தது. ஒரு பெண்ணும் ஒரு மருத்துவரும் உள்ளிட்ட மூவருக்குக் குறையாத குழு, மூன்று மாதத்துக்கு ஒரு முறையேனும் சென்று பார்க்க வேண்டும் என்றும் விதித்தது. நல்ல விதியே. ஆனால் செல்லும் மூவர் அலுவலக அறையில் தேநீர் அருந்தி ஏட்டில் கையொப்பமிட்டுத் திரும்பினால் விதி என்ன செய்யும்? சமையற்கட்டுக்குச் செல்ல வேண்டும். குழந்தைகளோடு தனித்துப் பேச வேண்டும்.

அரசாங்கத்தின் கடமையையும் கூறாது விடுதல் நடுநிலை ஆகாது. முந்தைய மானியத்தின் சான்றிதழ் வாராமல் அடுத்த மானியம் முழுமையாக விடுவிக்கப்படுவதில்லை. அது முறையே. ஆனால் சான்றிதழ் சென்ற பின்னரும் பணம் தாமதமானால், முதியோர் இல்லத்துச் சமையற்காரியின் கூலி நிற்கும். கடைக்காரர் கடன் மறுப்பார். கணக்குக் கேட்கும் கைக்குக் காலத்தில் கொடுக்கும் கடமையும் உண்டு. மானியம் தருவதால் தொண்டரின் வாயையும் வாங்கிவிட்டதாக எண்ணுதலும் கூடாது. ஏழையின் குறையை எடுத்துரைப்பவரைத் தணிக்கையால் மிரட்டும் நிலை வந்தால், அது மேற்பார்வை அன்று, அடக்குமுறை.

சிங்கப்பூரிலும் மலேசியாவிலும் வளைகுடா நாடுகளிலும் உறவினரை உடையோர் நம்மிடையே பலர். அவர்கள் ஒன்றை மனங்கொள்ள வேண்டும். இந்தியக் கடவுச்சீட்டு உடையவர் தம் சேமிப்பிலிருந்து வங்கி வழியாக அனுப்பும் நன்கொடை வெளிநாட்டு நன்கொடை ஆகாது. வேற்று நாட்டுக் குடியுரிமை பெற்றவர் அனுப்பினால், அவர் நம் இரத்த உறவே ஆயினும், அது வெளிநாட்டு நன்கொடையே. அதைப் பெறும் சங்கம் 2010-ஆம் ஆண்டுச் சட்டப்படி அனுமதி பெற்றிருத்தல் வேண்டும். 2020-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அப்பணம் புது டில்லியில் உள்ள பாரத ஸ்டேட் வங்கிக் கிளையின் தனிக் கணக்கில்தான் முதலில் சேர வேண்டும். அன்பால் வரும் பணமும் அறியாமையால் வழக்கில் முடியலாகாது.

முடிவாக, நம் சங்கங்களுக்கு நாம் கூறுவது இது. தகுதி இருப்பின் மானியம் கேளுங்கள். அது பிச்சை அன்று, பொதுப்பணம். பெற்ற தொகையையும் செலவையும் தமிழிலும் மலையாளத்திலும் எழுதிச் சங்க வாயிலில் தொங்கவிடுங்கள். தேன் எடுப்பவன் புறங்கையை நக்குவான் என்ற பழமொழி நம்மைப் பற்றி எழக் கூடாது. ஆண்டுக்கு ஒரு முறையேனும், நிருவாகக் குழுவில் இல்லாத ஓர் ஆணும் ஒரு பெண்ணும் உதவி பெற்றோர் இல்லங்களுக்குச் செல்லட்டும். "உங்களுக்கு வந்தது என்ன? எப்பொழுது வந்தது? கொடுத்தவர் எவ்வாறு நடந்துகொண்டார்?" என்ற மூன்றே வினாக்களைக் கேட்டு, விடைகளைப் பொதுக்குழுவில் பெயர் கூறாமல் படிக்கட்டும். இதற்கு எந்தச் சட்டமும் வேண்டியதில்லை. அதிகாரி வரும்வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை.

ஏட்டை ஒருவர் புரட்டிப் பார்ப்பதனால் மானம் போவதில்லை. உதவி பெற்ற கைம்பெண் ஒருத்தி, "அவர்கள் தந்தார்கள்; தலைகுனிய வைத்துத் தந்தார்கள்" என்று சொல்ல நேர்ந்தால், அன்றுதான் நம் மானம் போகும். அந்தச் சொல் எழாமற் காக்கும் தணிக்கையாளர் வேறு எவரும் அல்லர், நாமே.