தேங்காய் எண்ணெய்க்கு இரவல் சான்று

“தேங்காய் எண்ணெய் நேரே கல்லீரலுக்குச் சென்று ஆற்றலாகிவிடும், இரத்தக் குழாயில் படியாது.” வடாலா, மாட்டுங்கா, செம்பூர்த் தமிழர்களின் வாட்ஸ்அப் குழுக்களில் உலவும் இவ்வாசகத்தை வேதியியல் பயின்றோரும் ஆராயாமல் பகிர்கின்றனர். மறுத்தாக வேண்டியிருக்கிறது.

இதற்குச் சான்றாகக் காட்டப்பெறும் ஆய்வுகளுட் பல, தேங்காய் எண்ணெயைப் பற்றியவையே அல்ல. அவற்றில் பயன்பட்டது, 8, 10 கார்பன் கொழுப்பு அமிலங்களைப் பிரித்தெடுத்துச் செய்த எண்ணெய். தேங்காய் எண்ணெயில் அவ்விரண்டும் சேர்ந்து ஏழில் ஒரு பங்களவே. ஏறத்தாழப் பாதியாக இருப்பது 12 கார்பன் கொண்ட லாரிக் அமிலம். பெயரளவில் அதுவும் ‘நடுத்தரச் சங்கிலி’தான், ஆயினும் அதன் பெரும்பகுதி நீள்சங்கிலிக் கொழுப்பைப் போன்று நிணநீர் வழியே செல்கிறது. ஒன்றின் சான்றை மற்றொன்றுக்கு இரவல் தருவது அறிவியல் அன்று.

2020இல் ‘சர்குலேஷன்’ இதழில் வெளிவந்த தொகுப்பாய்வு 16 பரிசோதனைகளை ஆராய்ந்தது. பனை, தேங்காய் போன்ற வெப்பமண்டல எண்ணெய்கள் அல்லாத தாவர எண்ணெய்களோடு ஒப்பிடுகையில், தேங்காய் எண்ணெய் எல்டிஎல் கொலஸ்டிராலை டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 10 மில்லிகிராம் உயர்த்தியது. எச்டிஎல்லும் 4 மில்லிகிராம் உயர்ந்தது உண்மை. ஆனால் எச்டிஎல்லை மருந்தால் உயர்த்திய பெரிய பரிசோதனைகளில் மாரடைப்பு அதற்கேற்பக் குறையவில்லை என்பதை மறக்கலாகாது.

“முன்னோர் உண்டனரே” என்பர். பசிபிக்கின் டோக்கலாவ் தீவினர் தம் ஆற்றலில் பாதிக்கு மேல் தேங்காயிலிருந்து பெற்றும், அவர்களிடையே இதயநோய் அரிதாக இருந்ததை 1981இல் ஓர் ஆய்வு பதிவுசெய்தது. அவர்கள் உண்டது மீனும் நார்ச்சத்துள்ள தேங்காயும். எண்ணெயில் பொரித்த பண்டங்களும் நாள்முழுதும் நாற்காலியும் கொண்ட நம் வாழ்வுக்கு அது எவ்வாறு சான்றாகும்?

மறுபுறம், 2018இல் ஜெர்மனியில் ஒரு பேராசிரியர் இதனைத் ‘தூய நஞ்சு’ என்றதும் மிகையே. கேரளத்தில் இதயநோயாளிகள் 200 பேரை ஈராண்டுகள் கவனித்து 2016இல் வெளியான ஆய்வு, தேங்காய் எண்ணெய்க்கும் சூரியகாந்தி எண்ணெய்க்கும் இடையே குறிப்பிடத்தக்க வேறுபாடு காணவில்லை. ஆனால் அந்நோயாளிகள் உரிய சிகிச்சையைத் தொடர்ந்தவர்கள். இச்செய்தியைப் பகிர்வோர் விட்டுவிடும் வரி இதுவே.

தாளிப்பிலும் சட்னியிலும் தேங்காய்க்குரிய இடத்தை எவரும் பறிக்கவில்லை. சுவைக்காக அளவோடு உண்பது வேறு; மருந்தென்று கரண்டி கரண்டியாகக் குடிப்பது வேறு. ஆய்வாளர் பகிர்ந்தார் என்ற ஒரே காரணத்தால் தாராவியில் ஒருவர் தம் ஸ்டாட்டின் மாத்திரையை நிறுத்திவிட்டால், அதற்குப் பொறுப்பேற்பவர் யார்? பட்டம் பெற்ற நாம், பகிர்வதற்கு முன் ஆய்வின் தலைப்பைத் தாண்டி, எந்த எண்ணெய், எவருக்கு, எதனோடு ஒப்பிட்டு என்ற மூன்று வினாக்களையேனும் எழுப்ப வேண்டாமா?