துடைப்பம் கவனம்!

வேர்டில் கடிதம் ஒன்றை டைப் செய்து கொண்டிருக்கும்போது மின்சாரம் போய்விடுகிறது. வந்த பின் அதே பைலைத் திறந்தால், அதை இன்னொருவர் எடிட் செய்து கொண்டிருப்பதாகச் சில வேளைகளில் செய்தி வரும். அந்த இன்னொருவர் யார் என்று பார்த்தால் உங்கள் பெயரே இருக்கும்!

காரணம் எளிது. ஒரு பைலைத் திறந்தவுடன், வேர்ட் அதே போல்டரில் மறைவாக ஒரு சிறிய பைலை உருவாக்கி, திறந்தவர் பெயரை எழுதி வைக்கிறது. முறையாக மூடினால் அதை அழித்துவிடும். மின்சாரம் போனால் மூடுவதும் நடக்காது, அழிப்பதும் நடக்காது.

புரோகிராம் எழுதும் எங்களுக்கும் இதே தொல்லைதான். எழுதிய சாப்ட்வேர் சரியாக இயங்குகிறதா எனச் சோதிக்க, தானாக ஓடும் டெஸ்ட் புரோகிராம்களை இரவில் ஓட விடுவோம். அவை டேட்டாபேஸில் தற்காலிக டேபிள்களை (எக்ஸெல் ஷீட் போல என வைத்துக் கொள்ளுங்கள்) உருவாக்கி, வேலை முடிந்ததும் அழித்திடும். நடுவில் ஒரு டெஸ்ட் நின்றுவிட்டால் அழிக்கும் வரிக்கு அது வந்து சேர்வதே இல்லை. மறுநாள் இரவு "இந்த டேபிள் ஏற்கனவே இருக்கிறது" என்று எல்லாமே தோற்றுப் போகும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் இந்தக் குப்பையைப் பெருக்கும் பொறுப்பு என்னிடம் வந்தது. டெஸ்ட் என்று பெயர் தொடங்கும் டேபிள்களை எல்லாம் அழிக்கும்படி நாலு வரி எழுதினேன். மிகவும் புத்திசாலித்தனம் என்று நினைத்துக் கொண்டேன். நாங்கள் செய்து கொண்டிருந்ததோ ஒரு பரிசோதனைக் கூடத்திற்கான சாப்ட்வேர். மறுநாள் காலையில் சீனியர் கேட்டார்: "ஏம்பா, ரத்த டெஸ்ட் ரிசல்ட் டேபிள் எங்கப்பா?" நல்ல வேளை, அது எங்கள் அலுவலகத்தில் இருந்த நகல். நோயாளிகளின் அசல் டேட்டாபேஸில் ஓடியிருந்தால்? இன்று நினைத்தாலும் வயிற்றைக் கலக்குகிறது.

பெரிய இடங்களிலும் இது நடந்திருக்கிறது. 2010 நவம்பரில், புரோகிராமர்கள் பயன்படுத்தும் கிட்ஹப் தளத்தில், டெஸ்ட் ஓட வேண்டிய இடம் தவறாக அமைந்து, அசல் டேட்டாபேஸ் மீதே டெஸ்ட் ஓடியது. டெஸ்ட்டின் முதல் வேலையே டேட்டாபேஸை அழித்துப் புதிதாக உருவாக்குவது. சொன்னபடி செய்து முடித்தது! பேக்கப்பிலிருந்துதான் மீட்டார்கள்.

எனவே என் கட்சி இதுதான். சுத்தம் செய்வதை வேலையின் முடிவில் வைக்காமல் தொடக்கத்தில் வையுங்கள். நேற்று என்ன நடந்திருந்தாலும் இன்று கவலையில்லை. பெயரை வைத்து ஊகிக்காமல், தான் உருவாக்கியவற்றின் பட்டியலை வைத்து மட்டும் அழிக்க வேண்டும். அதற்கு முன், நிற்கும் இடம் டெஸ்ட் டேட்டாபேஸ்தானா எனப் பார்த்து, இல்லையென்றால் நின்றுவிட வேண்டும். ரோல்பேக் என்ற வசதியால் டேட்டாபேஸைப் பழைய நிலைக்கே திருப்பலாம் என்பார்கள். நல்ல வழிதான். போஸ்ட்கிரஸில் டேபிள் உருவாக்கியதையும் அப்படித் திருப்பலாம். மைஎஸ்க்யூஎல்லில் அது நடக்காது.

ஒரே கிளிக்கில் கம்ப்யூட்டரைச் சுத்தம் செய்வதாகச் சொல்லும் புரோகிராம்களை நான் என் வீட்டுக் கம்ப்யூட்டரில் இன்ஸ்டால் செய்வதில்லை. எது குப்பை என்பதை அவையும் பெரும்பாலும் பெயரையும் இடத்தையும் வைத்தே முடிவு செய்கின்றன. நீங்கள் பயன்படுத்தினால், அழிக்கப் போகும் பட்டியலைக் காட்டச் சொல்லி ஒருமுறை படித்துவிட்டு கிளிக் செய்திடுங்கள்.

வேர்ட் பைல் என்ன ஆயிற்று என்கிறீர்களா? அந்த பைலை வேறு கம்ப்யூட்டரில் யாரும் திறந்து வைத்திருக்கவில்லை என உறுதி செய்து கொண்டு, வேர்டை முழுவதுமாக மூடுங்கள். போல்டரில் மறைந்துள்ள பைல்களைக் காட்டும்படி செய்து, அலை போன்ற குறியும் டாலர் குறியும் முன்னால் உள்ள பைலை மட்டும் அழித்திடுங்கள். அதன் பக்கத்தில் குறி இல்லாமல் இருப்பது உங்கள் கடிதம்.