சக்கரத்துக்குச் செருப்பு

செருப்பு வாங்கப் போகிறவன் முதலில் தன் காலைப் பார்க்கிறான். பிறகு நடக்க வேண்டிய வழியை எண்ணுகிறான். அதன் பின்னரே நிறத்தையும் மினுக்கையும் பார்க்கிறான். தன் வண்டிக்கு டயர் வாங்கப் போகும் இளைஞனோ இந்த வரிசையைத் தலைகீழாக்கி விடுகிறான். முதலில் மினுக்கு, அடுத்து விலை. காலும் வழியும் அவன் நினைவுக்கு வருவதேயில்லை. இந்தப் பழக்கம் நமக்குத் தகுமா என்று கேட்கவே இக்கட்டுரையை எழுதுகிறேன்.

“தமிழ் மாணவர் இதழில் டயர் வியாபாரமா?” என்று நண்பர்கள் நகைக்கக்கூடும். நகைக்கட்டும்! ஊரைவிட்டு ஆயிரம் மைல் கடந்து கல்கத்தாவுக்குப் படிக்க வந்திருக்கும் நம்மில் பலர், முன்பே பலர் ஓட்டிய ஸ்கூட்டரைக் குறைந்த விலைக்கு வாங்கி ஓட்டுகிறோம். அந்த வண்டியோடு சீதனமாக வருவது தேய்ந்த டயர். ஜூன் மாதத்தில் மழை இறங்குமுன் அதை மாற்றியே ஆக வேண்டும். எதை வாங்குவது? வண்டியோடு வந்த அளவா, அகலமானதா, முரட்டுப் பள்ளங்கள் கொண்டதா, இன்னொருவர் கழற்றிப் போட்டதா? உயிரைத் தாங்கும் பொருளைப் பற்றிய கேள்வி இது. சிறு கேள்வி என்று தள்ளிவிட முடியாது.

முதலில் நம் வழியைப் பார்ப்போம். நான் குடியிருப்பது பெஹாலாவில். டைமண்ட் ஹார்பர் சாலை இவ்வட்டாரத்தின் முதுகெலும்பு. ஒரு காலத்தில் ஜோகா வரை டிராம் ஓடிய சாலை இது. மெட்ரோ வேலைக்காக 2011-இல் அது நின்றது. மாஜேர்ஹாட் பாலம் 2018 செப்டம்பர் 4-ஆம் நாள் இடிந்து விழுந்தது. புதிய பாலம் 2020 டிசம்பரில் திறக்கப்பட்டது. ஜோகாவிலிருந்து தாராதலா வரை 2022 டிசம்பரிலும், மாஜேர்ஹாட் வரை 2024 மார்ச்சிலும் மெட்ரோ வந்து சேர்ந்தது. மேலே ரயில் வழுக்கிக்கொண்டு போகிறது. கீழே நாம் வழுக்காமல் போக வேண்டும்! தார், சிமென்ட், ஒட்டுப்போட்ட பள்ளம், சாக்கடை மூடி, பேருந்து சிந்திய எண்ணெய், சந்துகளில் முழங்கால் வரை தேங்கும் நீர் என்று அரை மைலுக்குள் ஆறு வகைத் தரை. 2025 செப்டம்பர் 23 காலையோடு முடிந்த ஒரே நாளில் இந்நகரத்தில் 250 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டியதை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது நம் பாட்டிமார் சொன்ன பழமொழி. பெஹாலாவில் சக்கரத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கால். ஒரு சிறு கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்கூட்டர் 110 கிலோ. ஓட்டுபவர் 60 கிலோ. ஆக 170 கிலோ. டயருக்குள் இருக்கும் காற்றின் அழுத்தம் 28 பவுண்டு என்றால், சதுர சென்டிமீட்டருக்கு ஏறத்தாழ 2 கிலோ. 170-ஐ 2-ஆல் வகுத்தால் 85 சதுர சென்டிமீட்டர். டயரின் சுவர் தாங்கும் சிறு பங்கை ஒதுக்கிவிட்டால், இரண்டு சக்கரமும் சேர்ந்து சாலையைத் தொடும் பரப்பு இவ்வளவே. ஒரு மனிதனின் உள்ளங்கை! அந்த உள்ளங்கைதான் நம்மைத் திருப்புகிறது, நிறுத்துகிறது, பெற்றோரிடம் பத்திரமாகத் திரும்ப அனுப்புகிறது.

இந்தக் கணக்கு இன்னோர் உண்மையையும் காட்டுகிறது. பரப்பைப் பெரும்பாலும் தீர்மானிப்பவை சுமையும் காற்றழுத்தமும். ஆகவே டயரை அகலமாக்கினால் தொடும் பரப்பு அதே விகிதத்தில் பெருகிவிடாது; அதன் வடிவம்தான் மாறும். பந்தய வண்டிகளில் அகல டயர் இல்லையா என்று கேட்பீர்கள். உண்டு. அதற்கேற்ற அகல ரிம், அதற்கேற்ற மென்மையான ரப்பர், அதற்கேற்ற வேகம் எல்லாம் அங்கே உண்டு. நம் ஸ்கூட்டரின் குறுகிய ரிம்மில் அகல டயரைத் திணித்தால் அதன் இரு ஓரங்களும் நெருக்கப்பட்டு நடு முகடு கூர்மையாகிறது. திருப்புதல் கனக்கிறது, எரிபொருள் கூடுதலாகச் செலவாகிறது, சில வண்டிகளில் மட்கார்டிலும் உரசுகிறது. நண்பர்கள் திரும்பிப் பார்ப்பார்கள் என்பது ஒன்றே ஆதாயம்.

முரட்டுப் பள்ளங்கள் கொண்ட டயர் இன்னொரு மயக்கம். ஈரத்தில் வண்டி நீரின் மேல் மிதந்துவிடும் என்றும், ஆழப் பள்ளம் அதைத் தடுக்கும் என்றும் கடைக்காரர் சொல்வார். பாதி உண்மை. 1960-களில் நாசா பொறியியலாளர்கள் விமான டயர்களைச் சோதித்து ஒரு விதி கண்டார்கள்: மிதக்கும் வேகம் காற்றழுத்தத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. அவ்விதிப்படி 28 பவுண்டு காற்றுக்கு அந்த வேகம் மணிக்கு ஏறக்குறைய 88 கிலோமீட்டர். பெஹாலா நெரிசலில் யார் அந்த வேகத்தில் போகிறார்கள்? நம்மை விழத்தட்டுவது மெல்லிய சேற்றுப் படலம். முதல் தூறலில் எண்ணெயும் தூசியும் கலந்து சாலையில் பூசும் பூச்சு. அங்கே உதவுவது ஈரத்திலும் பிடிக்கும் மென்மையான ரப்பர், நீர் வழிய அளவான பள்ளம், சரியான காற்று. மேடும் பள்ளமுமான காட்டுவழி டயர் ஈரச் சிமென்டில் சில மேடுகளால் மட்டுமே தொடுகிறது. உள்ளங்கை விரல்நுனிகளாகச் சுருங்கிவிடுகிறது!

தரைக்கேற்ற கால் என்னும் இந்தப் பாடம் நம் நகரத்துக்கு மட்டும் உரியதன்று. காஷ்மீரத்தின் குல்மார்க்கில் பயணிகளை ஏற்றிப் பனிமேல் ஓடும் மோட்டார் வண்டிகள் உண்டு. பின்னால் ரப்பர் பட்டை தள்ளும். முன்னால் இரண்டு சறுக்குப் பலகைகள் திருப்பும். அவற்றையும் கழற்றி வேறு பலகை மாட்டலாம். புதிதாகப் பெய்த மெத்தைப் பனியில் அகலப் பலகை அமிழாமல் மிதக்கும். இறுகிய பனியில் அதே பலகை சறுக்கும். அங்கே அடிவிளிம்பில் கூர்மையான உலோகக் கம்பி கடித்துப் பிடிக்க வேண்டும். அதிகமாகக் கடித்தாலோ திருப்புகிறவர் தோள் வலிக்கும். மிதப்பு வேண்டுமா, கடி வேண்டுமா என்பதைத் தரைதான் சொல்லும்; கடை சொல்லாது.

இதை அறிய நம்மவர் காஷ்மீரம் வரை போனதில்லை. இரும்புப் பட்டை போட்ட கட்டை வண்டி மழைக்காலக் கரிசலில் அச்சு வரை இறங்கியதைக் கண்ட உழவர், காற்றடைத்த டயர் வண்டி வந்ததும் அதன் அருமையை உடனே உணர்ந்தார். குறுகிய இரும்பு மண்ணை வெட்டியது. அகன்ற ரப்பர் மண்மேல் நடந்தது. அவருக்கு அகலம் தேவைப்பட்டது. அவர் அகலத்தைத் தேர்ந்தார். எழுதப் படிக்கத் தெரியாத வண்டிக்காரர் தரையைப் பார்த்துத் தேர்ந்திருக்க, எம்.எஸ்ஸி. படிக்கும் நாம் விளம்பரத்தைப் பார்த்துத் தேர்வதா?

இனி விலை. பணமில்லை என்பது நம் எல்லோருக்கும் பொதுவான உண்மை. அதை நான் கேலி செய்யமாட்டேன். ஆயினும், வழவழப்பாகத் தேய்ந்த டயரில் கத்தியால் புதுப் பள்ளம் கீறி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பள்ளத்தின் அடியில் ரப்பர் ஏது? நூல் அடுக்குக்கும் சாலைக்கும் நடுவே காகிதக் கனம்தான் மிச்சம். பழைய டயருக்குப் புது மேல்தோல் போடும் தொழிலை நான் பழிப்பதாக எண்ண வேண்டாம். முறையாகச் செய்தால் அது மதிப்புள்ள தொழில். 1946-இல் திருவொற்றியூரில் பொம்மைப் பலூன் செய்யத் தொடங்கிய எம்.ஆர்.எஃப். 1952-இல் இறங்கியது அந்த மேல்தோல் ரப்பர் தயாரிப்பில்தான். டயர் பின்னால் வந்தது. லாரிக்குத் தொழிற்கூடத்தில் தோல் போடுவது வேறு. இரு சக்கர வண்டிக்குத் தெருவோரத்தில் கத்தி போடுவது வேறு.

ஆகவே கடைக்குப் போகும்போது கண்ணைத் திறந்து படியுங்கள். டயரின் பக்கச் சுவர் ஒரு திறந்த புத்தகம். 90/100-10 53ஜே என்று இருந்தால், அகலம் 90 மில்லிமீட்டர். உயரம் அகலத்தில் நூற்றுக்கு நூறு. ரிம் 10 அங்குலம். தாங்கும் சுமை 206 கிலோ. வேக எல்லை மணிக்கு 100 கிலோமீட்டர். வண்டியின் கையேட்டில் உள்ள அளவோடு அது பொருந்த வேண்டும். ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்க வேண்டும். நான்கு இலக்க எண்ணொன்றைத் தேடுங்கள்: 2325 என்றால் 2025-ஆம் ஆண்டின் 23-ஆம் வாரத்தில் பிறந்த டயர். ரப்பர் வெயிலிலும் காற்றிலும் கிழடாகிறது, ஓடாமலே இறுகிவிடும். ஐந்தாறு ஆண்டு கடையில் தூங்கியது பளபளத்தாலும் வேண்டாம். வாங்கிய பின் பள்ளத்தின் அடியிலுள்ள தேய்மானக் குறியைக் கவனியுங்கள். இரு சக்கர வண்டிக்கு 0.8 மில்லிமீட்டராவது பள்ளம் இருக்க வேண்டும் என்பது சட்டம். சட்டம் சொல்லும் எல்லை வரை காத்திராமல் மழைக்கு முன்பே மாற்றுவது அறிவு.

நம் சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். ஆண்டுதோறும் பொங்கல் விழாவும் பேச்சுப் போட்டியும் சிறப்பாக நடத்துகிறோம், நடத்தவே வேண்டும். மே மாத இறுதியில் ஒரு ஞாயிற்றுக்கிழமையையும் ஒதுக்குவோம். காற்றழுத்தம் பார்க்கும் கருவி ஒன்றைச் சங்கப் பணத்தில் வாங்குவோம். உறுப்பினர் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, டயரின் வயதையும் பள்ளத்தையும் காற்றையும் பார்ப்போம். மாற்றப் பணமில்லாத தம்பிக்குத் திருப்பித் தரும் கடனாகச் சங்கம் உதவட்டும். ஒருவர் எலும்பு முறிந்து படுத்த பின் திரட்டும் நிதியைவிட இது சிறிய தொகை, பெரிய தொண்டு.